நட்டைக் காக்கும் ஸ்பேனர்: வீட்டு வேலைக்கான கைக்கருவிகள் குறித்து ஒரு மதிப்புரை

எங்கள் பக்கத்துப் பழையவர்கள் இன்றும் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய முதல் வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கிணற்று மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை. பம்பின் உறிஞ்சு பக்கத்தில் குழாயை இணைக்கும் தட்டான ஃபிளேஞ்சில் வாசர் போயிருந்தது. நான்கு போல்ட்டுகளைக் கழற்றி வாசரை மாற்றிவிட்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை. மூன்று போல்ட்டுகள் முனகிக்கொண்டே கழன்றன. நான்காவதில் 13-ஆம் எண் ஸ்பேனர் வழுக்கியது. மறுபடி வைத்து உடம்பின் பாரத்தைக் கொடுத்தேன், மறுபடியும் வழுக்கியது. துடைத்துப் பார்த்தபோது போல்ட்டுத் தலையின் முனைகள் தேய்ந்து, அறுகோணமாக இருந்தது ஏறக்குறைய வட்டமாகியிருந்தது. ஸ்பேனரின் வாயும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு விரிந்திருந்தது. மறுநாள் வந்த மெக்கானிக் உளி வைத்து அந்தப் போல்ட்டை வெட்டி எடுத்துவிட்டு, என் கருவிப் பெட்டியை ஒரு முறை புரட்டிப் பார்த்தார். "அண்ணே, போல்ட்டு கொள்ளாம் (நல்லதுதான்). உங்க ஸ்பேனருதான் ஒண்ணுக்கும் கொள்ளாது" என்றார்.

அந்தப் பெட்டி இணையத்தில் 1,400 ரூபாய்க்கு வாங்கியது. ஸ்பேனர், சாக்கெட், ஸ்குரூ டிரைவர், ஆலன் கீ என்று நூறு உருப்படிகளுக்கு மேல் இருந்தன. அதை விற்ற நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அதே அச்சில், வேறு வேறு பெயர்களோடு, அப்படிப்பட்ட பெட்டிகள் எத்தனையோ விற்கப்படுகின்றன. மெக்கானிக்கின் கூலி, புதுப் போல்ட்டு, அன்று முழுவதும் பக்கத்து வீட்டிலிருந்து சுமந்த தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் ஒரு கணக்கு புரிந்தது. மோசமான ஸ்பேனர் தான் கெட்டுப்போவதோடு நிற்பதில்லை. தொட்ட நட்டையும் கெடுத்துவிட்டுப் போகிறது. ஸ்பேனரை வேறு வாங்கிக்கொள்ளலாம். முனை மழுங்கிய நட்டு இயந்திரத்தோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே இருக்கும். அதன் பிறகு இரண்டு ஆண்டுகளாக, தேவைப்பட்டபோது ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த கருவிகளையும், அவற்றைப் பெரும்பாலும் வாங்கிய நாகர்கோவில் கோட்டாற்றுக் கடையையும் பற்றியதே இந்த மதிப்புரை.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பழைய பெட்டியின் ஒவ்வொரு ஸ்பேனரிலும் "குரோம் வனேடியம்" என்று பொறித்திருந்தது. அது பொய்யாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். உண்மையாகவே இருந்தாலும் அந்த எழுத்து மட்டும் போதாது. ஒரு விழுக்காட்டை ஒட்டிய குரோமியமும் அதைவிட மிகக் குறைந்த வனேடியமும் கலந்த உருக்குதான் அது. அந்த உருக்கை எப்படி அடித்து உருவாக்கினார்கள், எந்த அளவுக்குப் பதம் ஏற்றினார்கள் என்பதில்தான் தரம் இருக்கிறது. பனையேறிகளின் பாளையருவாளை அடித்துக் கொடுக்கும் கொல்லரிடம் கேட்டால் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்: பதம் குறைந்தால் வாய் மடங்கும், மிஞ்சினால் சில்லு தெறிக்கும். ஸ்பேனரின் வாயும் அப்படித்தான். விரியக்கூடாது, உடையவும் கூடாது. இன்னொரு தவறான எண்ணம், குரோம் வனேடியம் என்றால் துருப்பிடிக்காது என்பது. துருவைத் தடுப்பது மேலே பூசிய குரோம் முலாம். உள்ளே இருக்கும் உருக்கு மற்ற இரும்பைப் போலவே துருப்பிடிக்கும். கடற்கரையில் வாழ்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

கோட்டாற்றுச் சந்தைப் பக்கத்தில் இருக்கும் அந்த இரும்புக் கடைக்குப் பளபளப்பான காட்சிப் பெட்டி எதுவும் கிடையாது. உள்ளே நுழைந்தால் கிரீஸ் வாசனையும் சணல் சாக்கு வாசனையும் கலந்து வரும். ஆனால் மேசைமேல் ஒரு தகரத் தட்டு இருக்கிறது. அதில் எம் 6 முதல் எம் 12 வரை (அதாவது மரையின் விட்டம் 6 முதல் 12 மில்லிமீட்டர் வரை) போல்ட்டுகளையும் நட்டுகளையும் போட்டு வைத்திருக்கிறார்கள். ஸ்பேனர் கேட்டால் கடைக்கார அண்ணாச்சி முதலில் அந்தத் தட்டைத்தான் நம் பக்கம் தள்ளுவார். "வச்சுப் பாருங்க. ஆடுதான்னு பாருங்க. ஆடுனா எடுக்காதீங்க" என்பார். இணையத்தில் எத்தனை நட்சத்திரம் கொடுத்திருந்தாலும் இந்தச் சோதனைக்கு ஈடாகாது. நல்ல ஸ்பேனரைப் போல்ட்டுத் தலையில் வைத்து இடவலமாக அசைத்தால் மிகச் சிறிய ஆட்டம்தான் இருக்கும். வாயின் இரண்டு உட்பக்கங்களும் போல்ட்டின் பக்கங்களோடு இணையாக ஒட்டி நிற்கும். என் பழைய ஸ்பேனரைக் கொண்டுபோய் அதே போல்ட்டில் வைத்துப் பார்த்தேன். வாயின் நுனிப் பகுதி அகன்றும் அடிப் பகுதி ஒடுங்கியும் இருந்ததால், அது போல்ட்டின் பக்கத்தைப் பிடிக்காமல் முனைகளை மட்டும் கவ்விக்கொண்டிருந்தது. முனைகள் தேய்ந்ததில் வியப்பில்லை.

ஸ்பேனர் வாங்கும்போது எல்லா அளவும் தேவையில்லை. ஆனால் எந்த அளவுகள் தேவை என்பதை வீட்டிலிருக்கும் இயந்திரங்கள்தான் தீர்மானிக்கின்றன. எம் 8 போல்ட்டின் தலை, பொதுவான அளவுமுறைப்படி 13 மில்லிமீட்டர். என் பம்பில் இருப்பது அதுதான். ஆனால் ஜப்பானிய வழிவந்த மோட்டார் சைக்கிள்களில் அதே எம் 8 போல்ட்டுக்குப் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் தலையே இருக்கும். அதேபோல எம் 10 போல்ட்டுக்கு வண்டியில் 14, மற்ற இயந்திரங்களில் 16 அல்லது 17. வண்டிக்கென்று வாங்கிய ஸ்பேனர் பம்புக்குப் பொருந்தாமல் போவதற்கும், "கிட்டத்தட்ட பொருந்துகிறதே" என்று 13-ஐ 12-இன் மேல் வைத்து முனையைக் கெடுப்பதற்கும் காரணம் இதுதான். இரட்டை வாய் ஸ்பேனர்களை 6-7, 8-9, 10-11, 12-13, 14-15, 16-17, 18-19, 20-22 என்ற எட்டு இணைகளாக விற்கிறார்கள். என் அனுபவத்தில் 8-9, 10-11, 12-13, 14-15, 16-17 ஆகிய ஐந்தும் வாரந்தோறும் கையில் ஏறுகின்றன. 18-19 வண்டியின் சக்கர அச்சுக்கு எப்போதாவது. 6-7 என் வீட்டில் இதுவரை உறையை விட்டு வெளியே வந்ததில்லை.

நான் வாங்கியது தபாரியா. ஸ்வீடன் நாட்டு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பக் கூட்டுறவோடு 1969-இல் கைக்கருவி உற்பத்தியைத் தொடங்கிய இந்திய நிறுவனம் அது. நாசிக்கில் தொழிற்சாலை இருக்கிறது. நம் ஊர் வொர்க்‌ஷாப்புகளில் பாதிச் சுவரை அலங்கரிப்பது அந்தப் பெயர்தான் என்பதால் புதிதாக அறிமுகம் தேவையில்லை. முலாம் கண்ணாடிபோல் இருக்காது. சில துண்டுகளில் அடித்து உருவாக்கியபோது விழுந்த விளிம்புக் கோடு கையில் லேசாகத் தட்டுப்படும். அழகுக்காக வாங்குகிறவருக்கு இது குறையாகத் தெரியலாம். வாயின் அளவு சரியாக இருக்கிறது, இரண்டு ஆண்டுகளில் ஒன்றுகூட விரியவில்லை. எனக்கு அது போதும். இரட்டை வாய் ஸ்பேனருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2028, ரிங் ஸ்பேனருக்கானது ஐ.எஸ். 2029, வாங்கும் துண்டிலோ உறையிலோ இந்த எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பொறிப்பு ஆழமாகவும் எழுத்துகள் ஒழுங்காகவும் இருக்க வேண்டும். பெயர்பெற்ற பொருள்களுக்குப் போலிகளும் வருகின்றன என்பதால், பில் கொடுக்கத் தயங்கும் கடையில் வாங்காமலிருப்பது நல்லது.

வாய் ஸ்பேனரா ரிங் ஸ்பேனரா என்று கேட்டால், ஒன்றை மட்டும் வாங்கப் பணமிருக்கிறவருக்கு என் பதில் ரிங். வாய் ஸ்பேனர் நட்டை இரண்டு பக்கங்களில் மட்டுமே பிடிக்கிறது. ரிங் ஆறு முனைகளையும் சுற்றிப் பிடித்து விசையைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. இறுகிக் கிடக்கும் நட்டின் முதல் அசைவு ரிங்கால்தான் வர வேண்டும். அசைந்த பிறகு வேகமாகக் கழற்ற வாய் ஸ்பேனர் வசதி. வாய் ஸ்பேனரின் தலை 15 பாகை சாய்ந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கை நுழையாத இடத்தில் ஒவ்வொரு திருப்புக்கும் ஸ்பேனரைக் கவிழ்த்து வைத்தால், 30 பாகை அசைவிலேயே நட்டு கழன்று வந்துவிடும். ஒரு முனையில் வாயும் மறுமுனையில் ரிங்கும் கொண்ட காம்பினேஷன் ஸ்பேனர் இரண்டுக்கும் சேர்த்து உதவும். இரண்டு முனையும் ஒரே அளவு என்பதால் எண்ணிக்கை கூடும், செலவும் கூடும்.

ரிங் ஸ்பேனரின் அருமையை நான் முழுதாக உணர்ந்தது குலசேகரத்தில், மனைவி வீட்டு ரப்பர் உருளை இயந்திரத்தில். ரப்பர் பாலை உறையவைக்க ஃபார்மிக் ஆசிட் ஊற்றுவார்கள். உறைந்த கட்டியை உருளையில் கொடுத்துப் பிழியும்போது அந்த ஆசிட் கலந்த தண்ணீர் வழிந்து இயந்திரத்தின் அடித்தாங்கியில் இறங்கும். ஆண்டுக்கணக்காக அந்தத் தண்ணீரைக் குடித்த போல்ட்டுகள் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். தலையும் தாங்கியும் ஒரே செம்மண் கட்டிபோல் இருந்தன. கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிட்டோம். காலையில் போல்ட்டுத் தலையில் சுத்தியலால் நாலைந்து முறை தட்டி, ரிங் ஸ்பேனரை முழுதாக உள்ளே அமர்த்தி, கழற்றும் திசைக்கு முன் இறுக்கும் திசையில் ஒரு சிறு அசைவு கொடுத்தபோது, 'டிக்' என்று ஓர் ஓசை கேட்டது. அந்த ஓசை கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஸ்பேனரின் வாலில் குழாயைச் செருகி நீளத்தைக் கூட்டும் பழக்கத்தை மாமனார் பரிந்துரைத்தார், நான் மறுத்துவிட்டேன். ஒவ்வோர் அளவு ஸ்பேனரின் நீளமும் அந்த அளவு போல்ட்டு தாங்கும் விசையைக் கருதித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. குழாய் போட்டால் மரை வெட்டுப்படும், அல்லது போல்ட்டே முறியும்.

ஸ்குரூ டிரைவரில் நாம் செய்யும் தவறு வேறு வகை. நான்கு இறகு முனையுள்ள ஃபிலிப்ஸ் வகையை எல்லாரும் "ஸ்டார்" என்று கேட்டு வாங்குகிறோம். ஆனால் ஸ்டாரிலும் அளவு உண்டு. வீட்டில் பெரும்பாலான ஸ்குரூக்களுக்குப் பி.எச். 2 என்ற அளவு பொருந்தும், சிறியவற்றுக்குப் பி.எச். 1. மிக்ஸியின் அடிப்பக்க ஸ்குரூவைப் பி.எச். 1-ஆல் திருப்பி அதன் குழியைக் கெடுத்த குற்றம் என் மேலும் உண்டு. அதைவிட நுட்பமான சிக்கல் வண்டியில் இருக்கிறது. ஜப்பானிய அளவுமுறைச் ஸ்குரூவின் குழி, பார்ப்பதற்கு ஃபிலிப்ஸ் போலவே இருந்தாலும் வடிவத்தில் சற்று வேறுபட்டது. பல ஸ்குரூக்களின் தலையில் அடையாளமாக ஒரு சிறு புள்ளி இருக்கும். சாதாரண ஃபிலிப்ஸ் முனை அந்தக் குழியின் அடிவரை இறங்காமல் மேலே மிதந்து நிற்கும், திருப்பினால் ஏறி வழுக்கும். கார்புரேட்டர் மூடி, எஞ்சின் பக்க மூடி ஆகியவற்றில் குழி உருண்டுபோன ஸ்குரூக்களைப் பழைய வண்டி வைத்திருக்கும் எவரும் பார்த்திருப்பார்கள். ஜப்பானின் வெஸ்ஸல் நிறுவனத்தின் டிரைவர் அந்தக் குழியில் சரியாக அமர்கிறது. கோட்டாற்றுக் கடையில் அது கிடைக்கவில்லை, இணையத்தில்தான் வாங்கினேன். விலை அதிகம்தான், ஆனால் ஒன்றே போதும். இறுகிப்போன பக்க மூடி ஸ்குரூவுக்கு, சுத்தியலால் அடித்தால் தானே திரும்பும் இம்பேக்ட் டிரைவரை எந்த மெக்கானிக்கும் வைத்திருப்பார். அது வீட்டுக்குத் தேவையா என்றால், ஆண்டுக்கு ஒரு முறை வேலைக்கு இரவல் வாங்குவதே முறை.

எந்த டிரைவரானாலும் முனையை நகத்தில் வைத்துப் பாருங்கள்: ஓரங்கள் கூர்மையாக, நான்கு இறகுகளும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். கைப்பிடிக்குள் தண்டு சுழல்கிறதா என்பதையும் கடையிலேயே முறுக்கிப் பார்த்துவிட வேண்டும். லைன் டெஸ்டரை ஸ்குரூ டிரைவராகப் பயன்படுத்தும் நம் வழக்கம் இரண்டையும் கெடுக்கிறது. டெஸ்டர் மின்சாரம் பார்க்க மட்டும்.

கட்டிங் பிளேயரில் எட்டு அங்குலம் வீட்டுக்குப் போதும். வாங்கும் முன் மூடிப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால், வெட்டும் விளிம்புகளுக்கு இடையே ஒளி தெரியக்கூடாது. திறந்து மூடும்போது மூட்டு இடவலமாக ஆடக்கூடாது; ஆனால் ஒரு கையால் எளிதாகத் திறக்க வேண்டும். மெல்லிய தாளைக் கத்தரித்துப் பார்ப்பது அண்ணாச்சியின் வழி: தாள் சுத்தமாக வெட்டுப்பட்டால் சரி, மடங்கி உள்ளே நுழைந்தால் எடுத்து வைத்துவிடுவார். இங்கே ஓர் எச்சரிக்கை. கைப்பிடியில் தடித்த பிளாஸ்டிக் உறை இருப்பதாலேயே அது மின்வேலைக்குப் பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது. 1,000 வோல்ட் என்ற குறிப்பும் இரட்டை முக்கோண அடையாளமும் உள்ளவைதான் அதற்கெனச் சோதிக்கப்பட்டவை. அத்தகைய பிளேயரையே வைத்திருந்தாலும் மெயினை அணைக்காமல் கைவைக்கக்கூடாது. பிளேயரால் நட்டைத் திருப்பவும் கூடாது. அது ஸ்பேனர் தேடச் சோம்பல்படுகிறவர்களின் வேலை, நானும் அவர்களில் ஒருவனாக இருந்தவன். ஜெர்மனியின் நிபெக்ஸ் பிளேயரை நண்பர் ஒருவரின் வீட்டில் கையாண்டிருக்கிறேன். கம்பி வெண்ணெய்போல் வெட்டுப்படுகிறது. ஆனால் மாதத்துக்கு இரண்டு கம்பி வெட்டுகிறவர் அந்த விலையைக் கொடுப்பது ஆசைக்காக மட்டுமே.

வாயின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்குரூ ஸ்பேனர் ஒன்று, எட்டோ பத்தோ அங்குலத்தில், குழாய் வேலைக்கு இருக்கட்டும். வாங்கும்போது அசையும் தாடையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தளர்வாக ஆடினால் வேண்டாம். பயன்படுத்தும்போது இழுக்கும் விசை நிலையான தாடையின் மேல் விழும்படி வைக்க வேண்டும்; திருப்பிப் போட்டால் சிறிய அசையும் தாடை முழுப் பாரத்தையும் தாங்க நேரும், சீக்கிரமே தளர்ந்துவிடும். சாக்கெட் வாங்குவதாக இருந்தால் உள்ளே பன்னிரண்டு முனை உள்ளதைவிட ஆறு முனை உள்ளதே பழைய நட்டுகளுக்கு நல்லது. ஹேக்சா பிளேடு அங்குலத்துக்கு 24 பல், பற்கள் முன்னோக்கி. சுத்தியல் அரைக் கிலோ, பிடியில் ஆப்பு இறுக்கமாக. இவற்றில் பெரிதாகத் தவற வழியில்லை.

இனி துரு. குளச்சலுக்கும் மண்டைக்காட்டுக்கும் இடையில் இருக்கும் எங்கள் வீட்டில், மழைக் காற்று ஒரு வாரம் அடித்தால் ஜன்னல் கம்பியை நக்கினால் உப்புக் கரிக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. இரும்புக்கு இங்கே ஓய்வே கிடையாது. பழைய பெட்டியின் கருவிகள் முதல் ஆண்டிலேயே புள்ளி புள்ளியாகத் துருவேறின. முலாம் உரிந்த இடத்தில் விளிம்பு பிளேடுபோல் நின்று என் விரலைக் கீறியது. அந்தப் பெட்டியில் கருவிகளுக்கென்று வெட்டி வைத்திருந்த பஞ்சுமெத்தைதான் முதல் எதிரி என்பது பின்னர்தான் புரிந்தது. ஒரு முறை ஈரம் ஏறினால் அது வெளியே விடுவதே இல்லை. இப்போது புதுக் கருவிகளை ஒவ்வொரு வேலைக்கும் பிறகு துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் தொட்ட பழைய வேட்டித் துணியில் சுற்றி, மரப் பெட்டியில் வைக்கிறேன். தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. நாளானால் அது பிசுபிசுத்துத் தூசியைச் சேர்ப்பதால் விட்டுவிட்டேன். கறுப்பு நிறப் பூச்சுள்ள கருவிகள் பார்க்க அழகு; ஆனால் அந்தப் பூச்சு எண்ணெய் இருக்கும்வரைதான் காக்கும். கடற்கரை வீட்டுக்கு முலாம் பூசியதையே வாங்கலாம். மலைப் பக்கம் இருக்கிறவர்கள் எதையும் வாங்கலாம், ரப்பர் வேலையில் படும் ஆசிட்டைக் கழுவிவிட்டால் போதும்.

இரண்டு ஆண்டுகளில் இவை அனைத்துக்கும் சேர்த்து நான் செலவிட்டது ஏறக்குறைய 4,200 ரூபாய். அதில் பெரும்பங்கு ஸ்பேனர்களுக்கும் வெஸ்ஸல் டிரைவருக்கும் போனது. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு மட்டும் இன்னும் வாங்கவில்லை. எண்ணெய் மாற்றும்போது எஞ்சினின் அலுமினிய அடிப்பாகத்தில் டிரெயின் போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பது கைப்பழக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது; அலுமினியத்தில் மரை போய்விட்டால் செலவு அந்த ரெஞ்சின் விலையைத் தாண்டும் என்று தெரிந்தும் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடையைப் பற்றிச் சில குறைகளைச் சொல்லிவிட வேண்டும். எதற்கும் விலைச் சீட்டு கிடையாது, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அண்ணாச்சி இல்லாத நேரத்தில் நிற்கும் பையனுக்கு 12-க்கும் 13-க்கும் வேறுபாடு தெரிவதில்லை. மதியம் சாப்பாட்டுக்கு அடைத்துவிடுவார்கள், ஞாயிறு திறப்பதில்லை. என் மோட்டார் ஞாயிற்றுக்கிழமையில்தான் கெடும். போகிறவர்கள் வீட்டிலிருக்கும் போல்ட்டின் இணை ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனால், தகரத் தட்டில் தேட வேண்டிய வேலையும் மிச்சம்.